சாக்ஸ் போட முடியுதா, அப்பத்தா?

அப்பத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு (பெயர் வேண்டாம்) ஃபாலோ-அப்புக்குக் கூட்டிப் போயிருந்தோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பெண் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். "சாக்ஸ் போடும்போது எவ்வளவு சிரமம் இருக்கு பாட்டி? சிரமம் இல்லை, கொஞ்சம், நடுத்தரம், அதிகம், ரொம்ப அதிகம்... இதுல எது?" அப்பத்தா மேலூர்ப் பக்கத்துக்காரி. எழுபது வருஷத்துக்கு மேலாகச் செருப்பே பாதி நாள் போடாமல் வரப்பில் நடந்த கால் அது. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒரு செரமமும் இல்ல தாயி" என்றாள். போட்டதே இல்லை, சிரமம் எங்கிருந்து வரும்? டேப்லெட்டில் "சிரமம் இல்லை" விழுந்தது. அடுத்து குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது. அதுவும் சிரமமில்லை. காரில் ஏறி இறங்குவது? வருஷத்துக்கு ஒரு தடவை ஏறினால் அதிகம், அதுவும் சிரமமில்லை. கடைசியில் பார்த்தால் அப்பத்தா நல்ல மார்க் வாங்கியிருந்தாள்.

ஆனால் அவளால் தரையில் உட்கார முடியவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் மேல் குற்றமில்லை. அவள் கையில் இருந்தது வொமாக் என்ற கேள்வித்தாளின் தமிழ் வடிவம். வெஸ்டர்ன் ஒன்டாரியோ, மெக்மாஸ்டர் என்ற இரண்டு கனடியப் பல்கலைக்கழகங்களின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். 1980களில் உருவானது. மொத்தம் 24 கேள்விகள்: வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாட வேலை பற்றி 17. உலகம் முழுக்க மூட்டு சம்பந்தமான ஆய்வுகளில் இதைத்தான் ரொம்பக் காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்டாரியோ குளிரில் வாழ்கிற மனிதருக்கு சாக்ஸ் போட முடிவது பெரிய விஷயம்தான், குனிந்து காலைத் தொட வேண்டும், முட்டி மடங்க வேண்டும். அங்கே அது சரியான கேள்வி. அப்புறம் 1998இல் கூஸ் என்று இன்னொரு கேள்வித்தாள் வந்தது. அதில் குத்தவைப்பது பற்றிக் கேள்வி இருக்கிறது, ஆனால் எந்தத் தலைப்பின் கீழ் என்று பாருங்கள்: "விளையாட்டு, பொழுதுபோக்கு". ஓடுவது, குதிப்பது, அதோடு குத்தவைப்பது. நம்ம ஊரில் நாற்று நடுவது, அடுப்பு மெழுகுவது, பாத்திரம் தேய்ப்பது, காலைக்கடன் என்று பாதி வாழ்க்கை குத்தவைத்துத்தான் நடக்கிறது, அது அங்கே விளையாட்டுக் கணக்கில் வந்துவிட்டது.

இந்த மாதிரிக் கேள்வித்தாள்களை உருவாக்குவது, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது, கொண்டுபோன பிறகும் அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று சோதிப்பது — இதற்கென்றே ஒரு ஆராய்ச்சித் துறை இருக்கிறது. மருத்துவர்கள், உளவியலாளர்கள், புள்ளியியல்காரர்கள், மானுடவியலாளர்கள் எல்லாம் கலந்த கூட்டம். சர்க்கரை குறைந்ததா என்று ரத்தம் சொல்லிவிடும், எலும்பு கூடியதா என்று எக்ஸ்ரே சொல்லிவிடும். சிகிச்சைக்குப் பிறகு அந்த மனிதர் முன்னைவிட நன்றாக இருக்கிறாரா என்பதை மட்டும் அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதையும் ஒரு எண்ணாக மாற்ற முடியும், அந்த எண்ணை நம்பவும் முடியும் என்பதுதான் இவர்கள் வாதம். நானும் சில வருடம் பகுதிநேரமாக இப்படிப்பட்ட கேள்வித்தாள்களைத் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறேன், அதனால் சமையலறைப் பக்கம் கொஞ்சம் தெரியும்.

இதில் மதுரைக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது.

1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த கதை எல்லோருக்கும் தெரியும். 1990களில் அங்கே நடந்த ஒரு பெரிய ஆய்வின் கதை அவ்வளவாகத் தெரியாது. அப்போது கண்புரைக்கு இரண்டு விதமாக ஆபரேஷன் செய்தார்கள். ஒன்று பழைய முறை, லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகத் தடியாக ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்துவிடுவது. இன்னொன்று கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைப்பது, அது செலவு. ஏழை நாட்டில், முகாம் முகாமாக ஆயிரக்கணக்கில் செய்கிற இடத்தில், இரண்டாவதற்குச் செலவு செய்வது தகுமா என்பது அன்றைக்கு உண்மையான கேள்வி. மதுரையில் 3,400 பேரை, 40 வயதிலிருந்து 75 வயது வரை, இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை இழந்தவர்களை, குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள்.

எழுத்துப் பலகையை மட்டும் வைத்து அளந்தால் சோடாபுட்டிக் கண்ணாடியும் மோசமில்லை. போட்டுக்கொண்டால் வரிசையைப் படித்துவிடலாம். ஆனால் அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கிட்டத்தட்ட கால்பங்கு பெரிதாகக் காட்டும், பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்கு எதுவுமே தெரியாது, படி எங்கே முடிகிறது என்று கால் தடுமாறும், ஒரு நாள் கண்ணாடி உடைந்துவிட்டால் மறுபடியும் குருடு. இதெல்லாம் பலகையில் வராது, ஆளைத்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

அன்றைக்கு அமெரிக்காவில் புதிதாக வந்திருந்தது விஎஃப்-14 என்ற 14 கேள்விகள். செக் எழுத முடிகிறதா, இரவில் கார் ஓட்ட முடிகிறதா, பிங்கோ, டாமினோ, மாஜோங் ஆட முடிகிறதா, கோல்ஃபும் டென்னிஸும் விளையாட முடிகிறதா. உசிலம்பட்டியிலிருந்து முகாம் பஸ்ஸில் வந்த பெரியவரிடம் இதை நீட்ட முடியாது. லண்டனிலிருந்து ஆஸ்ட்ரிட் ஃப்ளெச்சர், அமெரிக்காவிலிருந்து லியான் எல்வைன், அரவிந்திலிருந்து துளசிராஜ் முதலானவர்கள் சேர்ந்து, தென்னிந்தியக் கண்புரை நோயாளிகளுக்கென்றே பார்வைக்கு ஒரு கேள்வித்தாளும் வாழ்க்கைத் தரத்துக்கு ஒரு கேள்வித்தாளும் உருவாக்கினார்கள், 1997இல் அது ஆய்விதழில் வெளியானது. வாழ்க்கைத் தரத்தை அவர்கள் பிரித்த விதம் எளிமையானது: தன் வேலையைத் தானே செய்துகொள்வது, நடமாட்டம், நாலு பேரோடு பழகுவது, மனசு. 1998இல் முடிவு வந்தது. இரண்டு பிரிவிலும் வாழ்க்கை நன்றாகவே மேம்பட்டிருந்தது, உள்ளே லென்ஸ் வைத்தவர்கள் கூடுதலாக மேம்பட்டிருந்தார்கள், அதைத் தங்கள் வாயாலேயே சொல்லியிருந்தார்கள். பின்னால் டெல்லி எய்ம்ஸ், அரவிந்த், லண்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து முதலில் நோயாளிகளைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் பேச்சிலிருந்தே கேள்விகளை எடுத்து, 33 கேள்விகள் கொண்ட இந்தியப் பார்வைக் கேள்வித்தாள் ஒன்றை 2005இல் வெளியிட்டார்கள். 21 அன்றாட வேலை பற்றி, 7 கண்ணின் தொந்தரவு பற்றி, 5 மனசு பற்றி. ஆளைப் பேசவிட்டு அதற்கப்புறம் கேள்வி எழுதுவது என்ற இந்த வரிசைதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

ஏன் தலைகீழாக நடக்கிறது? மொழிபெயர்ப்பது மலிவு, புதிதாக உருவாக்குவதற்கு வருடக்கணக்காகும். மொழிபெயர்ப்புக்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள், மூன்றாமவர் இரண்டையும் சேர்ப்பார், மூல ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரை இதை ஊரெல்லாம் பரப்பியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும் சிக்கல்.

எஸ்எஃப்-36 என்ற பிரபலமான உடல்நலக் கேள்வித்தாளில் மனசு துவண்டு, "நீலமாக" உணர்ந்தீர்களா என்று அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஒரு கேள்வி உண்டு. நீலம் என்றால் அவர்களுக்குச் சோகம். நான் "மனச்சோர்வும் சோகமும் உணர்ந்தீர்களா" என்று எழுதினால் அது திரும்ப ஆங்கிலத்துக்கு அச்சு மாறாமல் போய்ச் சேரும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் வாடிப்பட்டியில் யாரும் சோகத்தை "உணர்வதில்லை". "மனசே சரியில்ல", "ஒண்ணும் ஓட மாட்டேங்குது", "நெஞ்சு பாரமா இருக்கு", இதுதான் பேச்சு. "மனசே சரியில்லன்னு எத்தனை நாள் இருந்துச்சு" என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது அது "மனம் சரியாக இல்லை" என்று, என்னமோ மனநிலை பிறழ்ந்தவரைப் பற்றிக் கேட்ட மாதிரி வந்து நின்றது, நிராகரித்துவிட்டார்கள். மரக்கட்டைத் தமிழ் பாஸ், நல்ல தமிழ் ஃபெயில். திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது மோசமான மொழிபெயர்ப்பைத்தான் தேடிப் பிடித்துப் பாராட்டுகிறது என்பது என் அனுபவம். இந்த முறையில் உருப்படியான கட்டம் என்றால் அதற்குப் பிறகு வருவதுதான்: உண்மையான நோயாளிகள் சிலரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இது என்ன கேட்குதுன்னு உங்களுக்குத் தோணுது?" என்று அவர்கள் வாயிலிருந்து வாங்குவது. அதற்குத்தான் நேரமும் காசும் கடைசியில் மிச்சமிருக்காது.

சொல்லைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மன் 1977இலேயே எச்சரித்தார்: ஓர் ஊரில் பிறந்த நோய்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு இன்னோர் ஊருக்குப் போய் அதே சல்லடையில் சலித்தால், சல்லடைக்குள் நிற்பதைத்தான் பார்ப்போம், அந்த ஊர்க்காரர் தன் துன்பத்தை எப்படிப் பகுத்து வைத்திருக்கிறார் என்பதைப் பார்க்கவே மாட்டோம். மனநல மருத்துவர் விக்ரம் படேல் ஜிம்பாப்வேயில் வேலை செய்தபோது இதை மாற்றிச் செய்து பார்த்தார். அங்கே ஷோனா மொழியில் மக்களே சொல்கிற ஒரு சொல், "குஃபுங்கிசிசா", ரொம்ப யோசிப்பது என்று அர்த்தம். அதையும் அது போன்ற அவர்கள் சொற்களையும் வைத்தே 1997இல் ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் "அவளுக்கு யோசனை ஜாஸ்தி, யோசிச்சு யோசிச்சே ஒடம்பக் கெடுத்துக்கிட்டா" என்பார்கள். அது நோயின் பெயர்தான், பாடப் புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வலியும் அப்படித்தான். உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வலிக்கு 78 ஆங்கிலச் சொற்களை 20 கட்டாகக் கட்டி ஒரு பட்டியல் போட்டார். அதைத் தமிழாக்க உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் மிச்சம் வரும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது, சுருக்கென்று தைப்பது, மதமதப்பு... கால் கடுப்பும் கால் குடைச்சலும் வேறு என்பது நம்ம வீட்டுப் பாட்டிக்கு நன்றாகத் தெரியும், எதற்குத் தைலம், எதற்கு ஒத்தடம் என்பதுவரை தெரியும். கேள்வித்தாளில் எல்லாம் "வலி" என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

எவ்வளவு வலி என்பதற்கும் இதே பாடு. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை உருவாக்கியபோது இதைக் கொஞ்சம் அழகாகச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஒரே ஊரில் எழுதி மற்றவர்களுக்கு அனுப்பாமல், மெட்ராஸ், டெல்லி உட்பட உலகெங்கும் 15 மையங்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. "கொஞ்சம்", "ஓரளவு", "ரொம்ப" மாதிரிச் சொற்களை ஒவ்வொரு மொழியிலும் திரட்டி, பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றைப் போட்டு, "இந்தச் சொல் கோட்டில் எங்கே விழும், நீங்களே குறியுங்கள்" என்று ஆட்களிடம் கேட்டு, கால், அரை, முக்கால் புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அகராதியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள். அதே கேள்வித்தாளின் 26 கேள்விச் சுருக்க வடிவத்தில் 21ஆவது கேள்வி தாம்பத்திய வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்பது. திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, இருபத்திரண்டு வயதுப் பேட்டியாளர் அதை எப்படிக் கேட்பார்? கேட்பதில்லை. நடுத்தரம் என்று தானே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனதாக ஒரு பையன் என்னிடமே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் உள்ளூராகவே செய்துவிட்டால் என்ன? ஆசைதான். நடைக்கு எஸ்எஃப்-36 மைல் கணக்கிலும், அமெரிக்க நகரத்துத் தெருக்கட்டம் கணக்கிலும் கேட்கிறது. மதுரைக்கு அதைவிட நல்ல அளவுகோல் கோயிலைச் சுற்றியே கிடக்கிறது: ஆடி வீதி ஒரு சுற்று, சித்திரை வீதி ஒரு சுற்று, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய சதுரம், ஒவ்வொன்றும் எவ்வளவு நடை என்று இங்கே வளர்ந்தவர் காலுக்குத் தெரியும். "எந்த வீதி வரைக்கும் உக்காராம சுத்த முடியுது?" என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும். ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போக முடியாது, ஒன்டாரியோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அளவுகோல் ஊரோடு ஒட்ட ஒட்ட ஊருக்கு ஊர் ஒப்பிடும் சக்தி போய்விடுகிறது, ஒப்பிடுவதற்காகப் பொதுவாக்கினால் எந்த ஊர்க்காரர் வாழ்க்கையும் அதில் இருப்பதில்லை. இந்தத் துறையில் முப்பது நாற்பது வருடமாக நடக்கும் சண்டையின் வேர் இதுதான், இதற்கு யாரும் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஒரே கேள்வித்தாளின் உடம்பை வைத்துக்கொண்டு உதாரணங்களை மட்டும் ஊருக்கு ஏற்ப மாற்றுவது என்று ஒரு சமாதானம் நடக்கிறது: வாக்குவம் கிளீனர் தள்ளுவதற்குப் பதில் தண்ணிக் குடம் தூக்குவது. குடமும் கிளீனரும் ஒரே பாரமா என்றால், அதையும் புள்ளியியல் வைத்துச் சோதிக்க வேண்டும், சோதிக்காமலே போகிறவர்கள்தான் அதிகம்.

ஒப்பிடுவதில் உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதற்கு அமர்த்தியா சென் 2002இல் எழுதியதைப் பார்க்கலாம். இந்தியாவில் ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்பவர்கள் அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு, அமெரிக்காவில் கேரளத்தைவிடவும் அதிகம். சொன்னதை அப்படியே நம்பினால் பீகார்தான் ஆரோக்கியபுரி. அவர் காட்டும் இன்னோர் உதாரணம் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் எடுத்த சர்வேயில், மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தப் பெண்கள் தெம்பாக இருந்தார்கள் என்று யார் நம்புவார்கள்? தன் உடம்பைப் பற்றிப் புகார் சொல்ல உரிமை இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு இருந்திருக்காது.

இதைச் சரிக்கட்ட ஒரு தந்திரம் உண்டு. கேரி கிங் என்ற அரசியல் அறிவியலாளரும் அவர் கூட்டாளிகளும் உலக சுகாதார நிறுவன ஆய்வுகளோடு சேர்ந்து செய்தது. முதலில் கற்பனை ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்: "முருகேசன் நூறடி நடந்தா மூச்சு வாங்குது, மாடிப்படியில ரெண்டு தடவை நிக்கிறாரு. அவருக்கு நடக்கிறதுல எவ்வளவு சிரமம்?" எல்லா ஊரிலும் அதே முருகேசன்தான். அவரை ஒருவர் "கொஞ்சம்" என்றும் இன்னொருவர் "ரொம்ப" என்றும் சொன்னால், இருவர் கையில் இருக்கும் முழக்கோலின் நீளம் வேறு என்று தெரிந்துவிடும், அவரவர் சொந்தப் பதிலை அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் மதுரைக் கிராமத்தில் முதல் பதில் அநேகமாக இப்படித்தான் வரும்: "எந்த முருகேசன்? நம்ம கருப்பையா மகனா?"

முழக்கோல் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஒரே ஆளுக்குள்ளும் மாறும். மிர்ஜாம் ஸ்ப்ராங்கர்ஸ், கரோலின் ஸ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் இதை விரிவாக எழுதினார்கள். நோய் வந்தபின் எது முக்கியம், எது "நல்லா இருப்பது" என்பதே உள்ளுக்குள் இடம் மாறிவிடுகிறது, அதனால் ஆறு மாதத்துக்கு முன் சொன்ன ஐந்தும் இன்றைக்குச் சொல்லும் ஐந்தும் ஒரே ஐந்து இல்லை. இதோடு நம்ம ஊர்ச் சரக்கு சிலதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழுசாக நல்லா இருக்கேன் என்று சொன்னால் கண் பட்டுவிடும், அதனால் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வாய் போகாது. இலவசமாக ஆபரேஷன் செய்துவிட்ட இடத்துப் பிள்ளை வந்து கேட்கிறது, குறை சொன்னால் நன்றி கெட்டதாகிவிடும், அதனால் ஐம்பதுக்குக் கீழேயும் போகாது. இரண்டுக்கும் நடுவில் "பரவாயில்ல, இருக்கேன்".

இவ்வளவு ஓட்டையும் வைத்துக்கொண்டு எதற்கு இந்த எண்கள் என்று கேட்கலாம். அரசாங்கம் எந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது என்ற கணக்கில் இவை நுழைந்துவிட்டன, அதுதான் காரணம். ஈக்யூ-5டி என்று ஐந்தே கேள்வி கொண்ட ஒன்று இருக்கிறது, நடமாட்டம், தன் வேலை, வழக்கமான வேலை, வலி, கவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை, ஆக மொத்தம் 3,125 விதமான உடல்நிலை. எந்த நிலை எவ்வளவு மோசம் என்பதற்கு இந்தியர்களையே கேட்டு எடுத்த மதிப்பெண் 2022இல்தான் வெளிவந்தது. அதுவரை வேறு நாட்டுக்காரர் மனதில் தரையில் உட்கார முடியாதது எவ்வளவு மோசமோ, அதுதான் நம் கணக்கும்.

அப்பத்தாவுக்கு அது எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியும். ஆடி மாதம் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. பந்தியில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட, அவளை மட்டும் ஓரமாக பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காரவைத்து மடியில் தட்டைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

ஆறாவது மாதம் அதே பெண், அதே டேப்லெட். "பாட்டி, ஒடம்பு மொத்தத்துல எப்படி இருக்கு, நூத்துக்கு எவ்வளவு சொல்லலாம்?" அப்பத்தா யோசித்தாள். "போன தடவ நான் எம்புட்டுச் சொன்னேன் தாயி?"

"அதச் சொல்லக் கூடாது பாட்டி, ரூல்ஸ்."

"அப்ப நீயே பாத்து ஒண்ணப் போட்டுக்க."